புடு ஜெயில் கேட்டுல ஆரம்பிக்கிற தமிழ் நடைப்பயணம்: போயிட்டு வந்த அனுபவம்

கோலாலம்பூர்ல சரித்திர நடைப்பயணம் நெறைய பேரு நடத்துறாங்க, ஆனா பெரும்பாலும் இங்கிலீஷ்ல இல்லன்னா மலாய்லதான். தமிழ்ல ஒண்ணு இருக்குன்னு என் நாத்தனார் வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க, அதுவும் சும்மா கட்டடம் காட்டுற வகை இல்ல, ஜப்பான்காரன் காலத்துலயும் அதுக்கப்புறமும் பிடிபட்டவங்களை சட்டம் எப்படி நடத்துச்சு, யாரைப் போர்க்கைதின்னு சொல்லுச்சு, யாரைத் துரோகின்னு தூக்குல போட்டுச்சு, யாரை விசாரணையே இல்லாம உள்ள வச்சுச்சு, அதைப் பத்தினது. ஆளுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), காலை 7.30-லேர்ந்து மூணு மணி நேரம்னு போட்டிருந்துச்சு, எங்களுக்கு நாலு மணி நேரத்துக்கு மேலயே ஆச்சு. குழு பேரை நான் இங்க போடல, சின்னக் குழு, கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன், வேணுங்கிறவங்க தனியா கேளுங்க.

நான் போனதுக்குக் காரணம் எங்க தாத்தா. அவரு ஐ.என்.ஏ-ல, அதான் ஜப்பான்காரன் பக்கம் நின்னு வெள்ளைக்காரனை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்துல இருந்தவரு. சிலாங்கூர்ல ஒரு தோட்டத்துல பால்மரம் வெட்டிக்கிட்டிருந்தவரு, பத்தொன்பது வயசுல போனாரு, போர் முடிஞ்சப்புறம் வெள்ளைக்காரன் கொஞ்ச மாசம் முகாம்ல வச்சிருந்துட்டு விட்டுட்டான். 1991-ல தவறிட்டாரு. அவரு விட்டுட்டுப்போனது ஒரே ஒரு மங்குத் தட்டு, ஓரமெல்லாம் எனாமல் பேந்து கருப்பா இருக்கும், திருப்பிப் பாத்தா அடியில ஆணியால கீறின நம்பர் இருக்கும், நாலு இலக்கம், கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆன்னு வீட்டுல இன்னும் முடிவாகல. அந்த நம்பர் முகாம்ல குடுத்ததா பட்டாளத்துல குடுத்ததான்னு தாத்தாகிட்ட கேட்டா, "சோத்துக்கு நிக்கிற நம்பரு"ன்னு மட்டும் சொல்லுவாராம். அவரைத் தூக்குல போட்டிருப்பாங்களா, ஏன் விட்டாங்க, சட்டப்படி அவரு யாரு, இதெல்லாம் வீட்டுல யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியோடதான் போனேன்.

ஹங் துவா எல்.ஆர்.டி ஸ்டேஷன்ல இறங்கி அஞ்சு நிமிஷ நடை. 1895-ல கட்டி முடிச்ச புடு ஜெயிலு, 1996-ல மூடினாங்க, இப்ப அந்த எடத்துல பெரிய ஷாப்பிங் சென்டர், பழைய வாசக்கதவு மட்டும் அப்படியே நிக்குது. தினமும் ஆயிரம் பேரு அதைத் தாண்டிப் போறாங்க, செல்ஃபி எடுக்குறாங்க, உள்ள என்ன நடந்துச்சுன்னு ஒரு பலகைகூட தமிழ்ல இல்ல. கூட்டிட்டுப் போனவங்க ஒரு அக்கா, ரிட்டையரான வக்கீலு, அறுபது வயசுக்கு மேல இருக்கும், மடக்கு ஸ்டூல் ஒண்ணு, லேமினேட் பண்ண பேப்பர் ஒரு கட்டு, தலையில ஒரு துண்டு, அவ்வளவுதான். வந்ததும் அவங்க கதை சொல்ல ஆரம்பிக்கல. "இந்தக் கதவு வழியா 1942-லயும் ஆளுங்க உள்ள போனாங்க, 1949-லயும் போனாங்க, ரெண்டு பேருமே துப்பாக்கி தூக்கினவங்கதான், யாருக்கு என்ன பேரு வச்சாங்கன்னு பாப்போம்"னு சொன்னாங்க. எனக்கு அப்பவே பிடிச்சுப்போச்சு.

1942 ஜனவரி 11-ல கோலாலம்பூர் விழுந்தப்புறம் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய சிப்பாய்ங்களை ஜப்பான்காரன் புடு ஜெயில்லதான் அடைச்சான், கொஞ்ச பேருக்குக் கட்டின எடத்துல நூத்துக்கணக்குல. போர்க்கைதிங்களை எப்படி நடத்தணும்னு 1929-ல போட்ட ஜெனிவா ஒப்பந்தத்துல ஜப்பான் கையெழுத்துப் போட்டுச்சு, ஆனா அதுக்குக் கட்டுப்படுறோம்னு முறைப்படி உறுதிப்படுத்தல. போர் ஆரம்பிச்சதும் தேவையான மாத்தங்களோட கடைப்பிடிக்கிறோம்னு மட்டும் சொன்னாங்க. அந்த ஒப்பந்தப்படி தப்பிச்சுப் பிடிபட்ட போர்க்கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான் எடுக்கலாம், உயிரை எடுக்கக்கூடாது. இங்கேர்ந்து தப்பிச்சுப் பிடிபட்டவங்களைக் கொண்டுபோய்க் கொன்னாங்க. சட்டம் பேப்பர்ல இருந்துச்சு, கையெழுத்தும் இருந்துச்சு, இடையில ஒரு வார்த்தை இல்லாமப்போச்சு, "உறுதிப்படுத்தல்". அக்கா அந்த வார்த்தையைச் சொல்லிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா நின்னாங்க.

அப்புறம் அதே எடத்துல நின்னுக்கிட்டே 1949-க்கு வந்தாங்க. எஸ்.ஏ. கணபதி. நம்ம ஆளுங்கள்லயே பாதிப் பேருக்கு இந்தப் பேரு தெரியாது, அது எனக்கு ரொம்ப வருத்தம். ஐ.என்.ஏ-ல இருந்தவரு, போருக்கப்புறம் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவரா வந்தாரு, தோட்டத்துத் தமிழனும் சீனத் தொழிலாளியும் ஒண்ணா நின்ன சங்கம் அது. 1948 ஜூன்ல கம்யூனிஸ்டுங்களை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்துச்சு, சங்கத்தோட பதிவும் ரத்தாச்சு. அடுத்த வருஷம் ரவாங் பக்கத்துல வாட்டர்ஃபால் தோட்டத்துல பிடிபட்டாரு, கையில ஒரு துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் இருந்துச்சுன்னு குற்றச்சாட்டு. அவசரகால விதிப்படி ஆயுதம் வச்சிருந்தாலே மரண தண்டனை, யாரையும் சுட்டிருக்கணும்னு அவசியமே இல்ல. இந்திய அரசாங்கம் தூக்குல போடவேண்டாம்னு கேட்டுப் பாத்துச்சு, நடக்கல. 1949 மே 4-ஆந்தேதி இந்த ஜெயில்லதான் தூக்குல போட்டாங்க. அதுக்கு மொதநாள் இன்னொரு சங்கத் தலைவர் வீரசேனனை சுட்டுக் கொன்னுட்டாங்க.

இதுல அக்கா விளக்கின விஷயம்தான் எனக்குப் புதுசு. அதுக்குப் போர்னு பேரு வைக்கல, அவசரகாலம்னுதான் வச்சாங்க. போர்னு சொன்னா தோட்ட முதலாளிங்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காதுன்னு அப்படி வச்சாங்கன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, அது ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டத்துல அதோட விளைவு என்னன்னா போர்னு பேரு இல்லன்னா போர்க்கைதியும் கிடையாது, பிடிபட்டவன் எல்லாம் சாதாரண குற்றவாளி, இல்லன்னா 17-ஆவது விதியில விசாரணை இல்லாம அடைச்சு வைக்கப்பட்டவன், இல்லன்னா கப்பல் ஏத்தி நாடு கடத்தப்பட்டவன். பேரு வைக்கிறதுலயே பாதித் தீர்ப்பு எழுதியாச்சு. சுத்தி நின்ன பதினெட்டு பேர்ல யாருமே பேசல, ஷாப்பிங் சென்டர்லேர்ந்து பாட்டு சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருந்துச்சு.

இங்கதான் மொதல் குறையும். அந்த ரோட்டுல வண்டி சத்தம் தாங்கமுடியல, அக்காவுக்கு மைக் இல்ல, பின்னாடி நின்ன வயசானவங்களுக்குப் பாதி கேக்கவே இல்ல, ரெண்டு பாட்டிங்க காதுல கைய வச்சுக்கிட்டே நின்னாங்க. 60 வெள்ளி வாங்குறீங்க, இடுப்புல கட்டுற சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கக்கூடாதா? உக்கார ஒரே ஸ்டூல், அதுவும் அக்காவுது, அவங்களே எழுந்து ஒரு தாத்தாவுக்குக் குடுத்துட்டாங்க.

அங்கேர்ந்து நடந்து துன் எச்.எஸ். லீ ரோட்டு மாரியம்மன் கோயில் வழியா மெர்டேக்கா சதுக்கத்துக்குப் போனோம். சுல்தான் அப்துல் சமாட் கட்டட நிழல்ல நின்னு ஐ.என்.ஏ கதை. எனக்கு வேண்டியது இதுதான், மனசைக் கட்டிப்போட்டதும் இதுதான்.

1942 பிப்ரவரி 17-ல சிங்கப்பூர் ஃபாரர் பார்க்ல நாப்பதாயிரத்துக்கு மேல இந்திய சிப்பாய்ங்களை வெள்ளைக்காரன் தனியாப் பிரிச்சு ஜப்பான்காரன் கையில ஒப்படைச்சான். கேப்டன் மோகன் சிங் அங்கதான் சேரச்சொல்லிக் கூப்பிட்டாரு. சேராதவங்கள்ல ஆயிரக்கணக்கான பேரை நியூகினி பக்கம் கூலி வேலைக்குக் கப்பல் ஏத்தினாங்க, நெறைய பேரு திரும்பவே இல்ல. அப்புறம் 1943-ல நேதாஜி வந்ததும் சிப்பாய்ங்க மட்டும் இல்லாம நம்ம ஆளுங்களும் சேர்ந்தாங்க, தோட்டத்துப் பசங்க, கிராணி மகன், கடைக்காரர் மகன், பொம்பளப் பிள்ளைங்க. கோலாலம்பூர்ல நேதாஜி பேசினதைக் கேட்டு காதுல போட்டிருந்த தோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு ஜான்சி ராணி படையில சேர்ந்த ஜானகி தேவர் நம்ம ஊருப் பொண்ணுதான்.

அக்கா அடுத்து ஒரு கேள்வி கேட்டாங்க, "தொண்டர்ன்னா, தானா படையில சேர்றவன்னா, யாரு?" போரை எப்படி நடத்தணும்னு சொல்ற 1907 ஹேக் விதிகள்ல ஒண்ணு, எதிரி நாட்டு ஆளுங்களை அவங்க சொந்த நாட்டுக்கு எதிரா போர்ல இறங்கச்சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு சொல்லுது, ஜப்பான் இதை உறுதிப்படுத்தியும் இருந்துச்சு. அப்ப கட்டாயப்படுத்திக் கொண்டுபோயிருந்தா அவன் பாதிக்கப்பட்டவன், தானா போயிருந்தா துரோகி. சட்டத்துக்கு இந்த ரெண்டு பெட்டிதான் இருக்கு. ஆனா அன்னைக்கு லயத்துல இருந்த பையனுக்கு முன்னாடி நின்னது ரெண்டு லாரி. ஒண்ணு ஜப்பான்காரன் தாய்லாந்துலேர்ந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் வேலைக்கு, இன்னொண்ணு ஐ.என்.ஏ முகாமுக்கு. சயாம் ரயில்ல வேலை செஞ்ச அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிங்கள்ல பன்னண்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க, அவங்களுக்குக் காஞ்சனபுரியில பேரு போட்ட கல்லறை வரிசை வரிசையா இருக்கு. கூலியா போன நம்ம ஆளுங்க அதைவிடப் பல மடங்கு செத்தாங்க, போர்க்கைதிங்கிற பேரு இல்லாததால எண்ணி வைக்கக்கூட ஆளு இல்ல.

எங்க பாட்டி சொன்னது எனக்கு அப்பத்தான் முழுசாப் புரிஞ்சுச்சு. பெரட்டுக் களத்துல காலையில பேரு கூப்பிடும்போது இளவட்டப் பசங்களைத் தனியா நிக்கச்சொல்லுவாங்களாம், நிக்கச்சொன்ன அன்னைக்கு ராத்திரியே தாத்தா போய் ஐ.என்.ஏ-ல பேரு குடுத்துட்டாராம். அதுக்காக அவருக்கு நாட்டுப்பற்று இல்லன்னு யாரும் சொல்லமுடியாது, சாகுற வரைக்கும் "ஜெய் ஹிந்த்"னு சொல்லித்தான் போனை எடுப்பாரு, நேதாஜி படத்துக்குப் பொங்கலன்னைக்கு மாலை போடுவாரு. ஒரே ராத்திரியில பயமும் இருந்திருக்கு பற்றும் இருந்திருக்கு, ரெண்டையும் தனித்தனியாப் பிரிக்கமுடியாது, ஆனா கோர்ட்டு பிரிச்சுக் காட்டுன்னுதான் கேக்கும்.

போர் முடிஞ்சதும் ஐ.என்.ஏ அதிகாரிங்க மேல டெல்லியில நடந்த செங்கோட்டை வழக்கை அக்கா விளக்கின மாதிரி நான் எங்கயும் கேட்டதில்ல. 1945 நவம்பர் 5-ல ஆரம்பிச்சுச்சு, ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூணு பேரும் அரசருக்கு எதிராப் போர் தொடுத்தாங்கன்னு இந்திய தண்டனைச் சட்டம் 121-ஆவது பிரிவுல குற்றச்சாட்டு, கூடவே கொலை, கொலைக்கு உடந்தைன்னும் சேர்த்தாங்க. பூலாபாய் தேசாய் வாதாடினாரு, நேரு பல வருஷம் கழிச்சு வக்கீல் அங்கி போட்டு வந்து உக்காந்தாரு. தேசாயோட வாதம், நேதாஜி அமைச்ச ஆசாத் ஹிந்த் ஒரு அரசாங்கம், மத்த நாடுங்க அங்கீகரிச்சிருக்கு, அதுக்குன்னு ஒரு படை, சட்டம், கட்டளை எல்லாம் இருந்துச்சு, விடுதலைக்காகப் போர் தொடுக்க அதுக்கு உரிமை இருக்கு, அந்தப் படையில இருந்தவன் போர்ல செஞ்சதுக்கு உள்நாட்டுச் சட்டத்துல தண்டிக்கமுடியாதுங்கிறதுதான். கோர்ட்டு ஒத்துக்கல. குற்றவாளின்னு தீர்ப்பு, ஆயுள் நாடு கடத்தல். ஆனா வெளிய ஊரே கொந்தளிச்சுக்கிட்டிருந்துச்சு, தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரியில நாடு கடத்தலைத் தள்ளுபடி பண்ணிட்டாரு, பட்டாளத்து வேலைய விட்டு நீக்கினதும் சம்பள பாக்கியைப் பறிச்சதும் மட்டும் நின்னுச்சு. வாதம் சட்டத்துல தோத்து ரோட்டுல ஜெயிச்சுச்சுன்னு அக்கா சொன்னாங்க.

இந்த எடத்துல ஒரு பெரிய குறை. அக்காவுக்குத் துணையா வந்த தம்பி, காலேஜ் பையன், நடந்து வரும்போது பின்னாடி வந்தவங்ககிட்ட அந்த மூணு பேரையும் தூக்குல போட்டுட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. அது தப்பு. மூணு பேரும் வெளிய வந்தாங்க, ஷா நவாஸ் கான் பின்னாடி எம்.பி ஆகி மந்திரியாவும் இருந்தாரு. நான் மெதுவா "தம்பி, அவங்க விடுதலையாயிட்டாங்க"ன்னு சொன்னேன், அவரும் ஒத்துக்கிட்டாரு, ஆனா முன்னாடி கேட்டுட்டுப் போனவங்க தப்பாத்தானே வீட்டுல சொல்லப்போறாங்க. இந்த மாதிரி விஷயத்துல யாரு செத்தாங்க யாரு பொழைச்சாங்கங்கிறது தப்பாப் போகவே கூடாது.

ஏன்னா நெசமாவே தூக்குல போனவங்க இருக்காங்க. பினாங்குல சுவராஜ் இன்ஸ்டிடியூட்னு ஒண்ணு நடந்துச்சு, அங்க பயிற்சி குடுத்த இளைஞர்களை நீர்மூழ்கிக் கப்பல்ல இந்தியாவுக்கு அனுப்பினாங்க. வக்கம் அப்துல் காதர் 1942 செப்டம்பர்ல மலபார்க் கரையில தானூர்ல இறங்கினாரு, இறங்கின கையோட பிடிபட்டுட்டாரு. அவங்களுக்குப் போர்க்கைதி உரிமை கிடைக்கல, எதிரி ஏஜெண்டுங்களுக்குன்னே போட்ட அவசரச் சட்டத்துல விசாரிச்சு 1943 செப்டம்பர் 10-ல மெட்ராஸ் சிறையில நாலு பேரைத் தூக்குல போட்டாங்க, காதர், அனந்தன், சத்யேந்திர பர்தன், ஃபௌஜா சிங். செங்கோட்டைக்கு ரெண்டே வருஷம் முன்னாடி. அவங்களுக்கு நேரு அங்கி போடல, ரோட்டுல கூட்டமும் இல்ல, போர் இன்னும் நடந்துக்கிட்டிருந்துச்சு. அக்கா அந்த நாலு பேரையும் ஒவ்வொண்ணா ரெண்டு தடவ சொன்னாங்க.

நான் கையத் தூக்கி எங்க தாத்தாவைப் பத்திக் கேட்டேன். அவரு பட்டாளத்துல சத்தியப்பிரமாணம் எடுத்தவரு இல்ல, தோட்டத்து ஆளு, அவரு எப்படித் துரோகின்னு. அக்கா சொன்னது, சத்தியம் பண்ணலன்னாலும் மெட்ராஸ் மாகாணத்துல பொறந்தவன் பிரிட்டிஷ் பிரஜை, பொறப்பே ஒரு சத்தியம் மாதிரிதான் சட்டம் எடுத்துக்கும், அதனால வழக்குப் போட எடம் இருந்துச்சு. ஆனா ஆயிரக்கணக்கான பேரு மேல அப்படிப் போட்டா யாரு விசாரிக்கிறது, டெல்லியில நடந்ததுக்கப்புறம் யாருக்குத் துணிச்சல் வரும், அதனால பிரிச்சு விசாரிச்சு பெரும்பாலானவங்களை விட்டுட்டாங்க. ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கின லட்சுமி அவங்களையே பர்மாவுல மாசக்கணக்கா வச்சிருந்துட்டு 1946 மார்ச்சுல இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க, வழக்கே போடல. மன்னிச்சு விட்டாங்கன்னு நெனைக்காதீங்கமா, கணக்குப் போட்டு விட்டாங்கன்னு சொன்னாங்க. எங்க வீட்டுல எழுபத்தஞ்சு வருஷமா தாத்தா முகாம்ல ஏதோ எழுதிக்குடுத்துட்டு வந்துட்டாருன்னு ஒரு பேச்சு உண்டு, அவரு தம்பியே அவர்கிட்ட கொஞ்ச காலம் பேசாம இருந்தாராம். முகாம்ல மொழிபெயர்ப்பாளர் வச்சு "நீ யாரோட ஆளு"ன்னு கேட்டதுக்கு, "பால்மரம் வெட்டுற ஆளுங்க"ன்னு தாத்தா சொன்னாராம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது. அங்கயே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, பக்கத்துல நின்ன ஒரு அம்மா முதுகத் தடவிக் குடுத்தாங்க.

மூணாவது பகுதி மலேசியா ஆனதுக்கப்புறம் நடந்தது. இதையும் விட்டுறாதீங்க, நெறைய பேரு வெயிலுக்குப் பயந்து பாதியில கிளம்பிட்டாங்க. 1964 செப்டம்பர்ல, மலேசியா உருவானதை எதிர்த்துக்கிட்டிருந்த இந்தோனேசியாவோட பாராசூட் படை ஜோகூர்ல லாபிஸ் பக்கம் இறங்குச்சு, அதுல மலேசியச் சீனர்களும் இருந்தாங்க. ஆயுதம் வச்சிருந்த குத்தத்துக்கு மரண தண்டனை. ஓய் ஹீ கொய் வழக்குன்னு அப்ப நமக்குக் கடைசி மேல்முறையீட்டுக் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி 1967 டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. எதிரிப் படை சட்டை போட்டிருந்தாலும், பிடிச்ச நாட்டுக்கே விசுவாசம் கடமைப்பட்டவன்னா அவனுக்குப் போர்க்கைதி பாதுகாப்பு கிடையாதுன்னு பெரும்பான்மை நீதிபதிங்க சொன்னாங்க. உலகத்துல இன்னைக்கும் வெளிநாட்டுத் தொண்டர்கள் விவகாரத்துல இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுறாங்களாம், நம்ம நாட்டு வழக்கு. கூட வந்த ஒரு பையன் அப்ப உக்ரைன் பத்திக் கேட்டாரு. 2022-ல உக்ரைன் ராணுவத்துல முறையாச் சேர்ந்திருந்த ரெண்டு பிரிட்டிஷ்காரங்க, ஒரு மொராக்கோ பையன், மூணு பேரையும் கூலிப்படைன்னு சொல்லி ரஷ்யா ஆதரவுப் பிரிவினைக்காரங்க கையில இருந்த டொனெட்ஸ்க்ல மரண தண்டனை குடுத்தாங்க, அப்புறம் கைதிகள் பரிமாற்றத்துல வெளிய வந்தாங்க. ஒரு நாட்டு ராணுவத்துல உறுப்பினரா இருக்கிறவன் கூலிப்படை ஆகமாட்டான்னு ஜெனிவா ஒப்பந்தங்களோட சேர்த்த 1977 நெறிமுறையில 47-ஆவது பிரிவே சொல்லுதுன்னு அக்கா பளிச்சுன்னு பதில் சொன்னாங்க, சந்தேகம் இருந்தா ஒரு தீர்ப்பாயம் முடிவு பண்ற வரைக்கும் போர்க்கைதியாத்தான் நடத்தணும்னு 1949 ஜெனிவா ஒப்பந்தத்துல இருக்குன்னும் சொன்னாங்க.

ஐ.எஸ்.ஏ, அதான் விசாரணை இல்லாம உள்ள வைக்கிற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அதைப் பத்திச் சொன்னது கொஞ்சம் அவசரமாப் போச்சு. 1960-ல அவசரகாலம் முடிஞ்சுச்சு, அதே வருஷம் இந்தச் சட்டம் வந்துச்சு, போர்க்காலத்து அதிகாரம் சட்டை மாத்திக்கிட்டு அமைதிக் காலத்துக்கு வந்துச்சு. போலீஸ் 60 நாள் உள்ள வைக்கலாம், அப்புறம் மந்திரி உத்தரவுல ரெண்டு வருஷம், அதைத் திரும்பத் திரும்ப நீட்டலாம்னு இருந்துச்சு. 1987-ல 106 பேரைப் பிடிச்சாங்க, அதுல எதிர்க்கட்சிக்காரங்க கர்பால் சிங், பி. பட்டு, வி. டேவிட், 2007 கடைசியில இந்தியர் உரிமைக்குப் போராடின ஹிண்ட்ராஃப் இயக்கத்து அஞ்சு பேரு கமுந்திங் தடுப்பு முகாமுக்கு, 2012-ல சட்டம் போச்சு. இந்த ஒரு பகுதிக்கே தனியா ஒரு காலை வேணும், இருவது நிமிஷத்துல அடக்கக்கூடாது. உள்ள இருந்தவங்க குடும்பத்துல ஒருத்தரைப் பேசவிட்டா இன்னும் நல்லாருக்கும்.

15 வெள்ளிக்குப் புத்தகம் ஒண்ணு விக்கிறாங்க, சட்டப் பிரிவெல்லாம் தமிழ்ல மொழிபெயர்த்திருக்காங்க, வாங்கலாம், ஆனா எழுத்து ரொம்பப் பொடிசு, எங்க அம்மாவுக்கு நான் வாசிச்சுக் காட்ட வேண்டியதாப்போச்சு. பதிவு வாட்ஸ்அப்லதான், பணம் க்யூ.ஆர்ல கட்டலாம், தமிழ்க் குழு மாசத்துக்கு ஒரு தடவதான். குடை, தண்ணி, நல்ல செருப்பு அவசியம், பத்து மணிக்கு மேல வெயில் கொளுத்தும். காடி எடுத்துட்டு வராதீங்க, எல்.ஆர்.டிதான் வசதி. பன்னண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு ஒத்துவராது.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். மைக்குக்கும் அந்தத் தம்பி சொன்ன தப்புக்கும் சேர்த்து ஒண்ணைக் குறைக்கிறேன்.

கடைசியா லெபோ அம்பாங்ல எல்லாரும் சேர்ந்து பசியாறினோம், அது கட்டணத்துல சேராது. போன்ல இருந்த மங்குத் தட்டு படத்தை அக்காகிட்ட காட்டினேன். பெருசு பண்ணிப் பாத்துட்டு கடைசி இலக்கம் 8-ன்னு சொன்னாங்க, 3-ஆ இருந்தா ஆணி இப்படிச் சுத்தி வந்திருக்காதாம். அடுத்த மாசக் குழுவுல சித்தப்பாவுக்கும் எனக்கும் எடம் சொல்லி வச்சிருக்கேன், தட்டையும் எடுத்துட்டு வரச்சொல்லியிருக்காங்க.